ஐராவதி மேசைப்போர்: ரங்கூனில் நாங்கள் ஆடும் ஆட்டம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரங்கூன் காளி கோயிலுக்கு நாலு தெரு தள்ளி அத்தை வீட்டு மாடி. ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு முடிந்ததும் அங்கே ஐந்து பேர் கூடுகிறோம். நான், மாமா, சித்தப்பா மகன், ஒரு பர்மிய நண்பர், கரேன் இனத்து நண்பர் ஒருவர். மாடிப்படி ஏறி வருகிறவர்கள் மேசையைப் பார்த்ததும் கேட்கிற கேள்விகள் ஏறக்குறைய ஒன்றேதான். சென்னையிலும் கோலாலம்பூரிலும் இருக்கும் உறவுக்காரப் பிள்ளைகளும் போனில் அவற்றையே கேட்கிறார்கள். சொன்ன பதில்களையெல்லாம் இங்கே எழுதி வைக்கிறேன்.

இது என்ன ஆட்டம்?

விக்டோரியா கால அறிவியல் புனைகதையைப் பொம்மை வீரர்களை வைத்து ஆடும் மேசைப்போர். எங்கள் களம் 1885ல் பர்மாவின் ஐராவதி ஆறு. மேசைமேல் ஓர் ஆறு, ஒரு கோட்டை, நாலைந்து மரங்கள். அவற்றுக்கிடையே கட்டைவிரல் உயரம்கூட வராத பொம்மை வீரர்கள். சதுரங்கத்தைப் போலக் கட்டம் கிடையாது. எவ்வளவு தூரம் நகரலாம், துப்பாக்கி எவ்வளவு தூரம் எட்டும் என்பதை அளவு டேப் சொல்லும். குண்டு பட்டதா இல்லையா என்பதைப் பகடை சொல்லும். மற்றதெல்லாம் ஆடுகிறவர் எடுக்கும் முடிவு.

இதற்கு வயது அதிகம். பிரஷ்யப் படை 1824லேயே தன் அதிகாரிகளுக்கு வரைபடத்தின்மேல் போர் ஆடப் பழக்கியது. வீட்டுத் தரையில் பொம்மை வீரர்களை வைத்து ஆடுவதற்கு ஒழுங்கான விதிகள் எழுதிப் பரவலாக்கியவர் எச்.ஜி.வெல்ஸ். ‘லிட்டில் வார்ஸ்’ என்ற அந்தப் புத்தகம் 1913ல் வந்தது. பொம்மைப் பீரங்கியில் சின்ன மரக்குச்சியை வைத்துச் சுடுவார்கள், எதிரே எந்தப் பொம்மை விழுகிறதோ அது செத்தது. செவ்வாய்க் கிரகத்தார் லண்டனைத் தாக்கும் கதையை 1898ல் புத்தகமாகத் தந்ததும் இதே வெல்ஸ்தான். எங்கள் ஆட்டத்தின் இரண்டு வேரும் அந்த ஒரு மனிதரிடம் போய்ச் சேருவதை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சந்தோஷமாக இருக்கும்.

விக்டோரியா கால அறிவியல் புனைகதை என்றால்?

விக்டோரியா மகாராணி ஆண்ட 1837 முதல் 1901 வரையிலான காலம். நீராவி, தந்தி, இரும்புக் கப்பல் எல்லாம் அப்போது புதுசு. அன்றைய ஆட்கள் “இன்னும் இருபது வருஷத்தில் இதெல்லாம் வந்துவிடும்” என்று கனவு கண்ட எந்திரங்கள் அன்றே வந்துவிட்டதாக வைத்துக்கொண்டு ஆடுகிறோம். பறக்கும் கப்பல், நடக்கும் பீரங்கி, மின்சாரத் துப்பாக்கி, நீர்மூழ்கி. ஆனால் கரி வேண்டும், கொதிகலன் வேண்டும், கரி அள்ளிப்போட ஆள் வேண்டும்.

இதெல்லாம் வெள்ளைக்காரர் சமாச்சாரம், நமக்கென்ன என்று ஒரு பெரியவர் கேட்டார். அவருக்குச் சொன்னது இது. பிரெஞ்சு எழுத்தாளர் ழூல் வெர்ன் படைத்த நீர்மூழ்கிக் கப்பல் தலைவர் கேப்டன் நீமோ யார்? 1870ல் வந்த முதல் கதையில் அவர் எந்த நாட்டுக்காரர் என்பது தெரியாது. அடுத்து வந்த ‘மர்மத் தீவு’ நாவலில்தான் தெரியவருகிறது: அவர் இளவரசர் டக்கார், புந்தேல்கண்ட் ராஜாவின் மகன், திப்பு சுல்தானின் உறவு. 1857 கிளர்ச்சியில் குடும்பத்தை இழந்து கடலுக்கடியில் போனவர். திப்புவின் பெயர் சும்மா அதில் வரவில்லை. 1780ல் காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் பொள்ளிலூரில் ஹைதர் அலியும் திப்புவும் கும்பினிப் படையை அடித்து நொறுக்கினார்களே, அன்று பறந்தவை இரும்புக்குழாய் ராக்கெட்டுகள். அவற்றைப் பார்த்துத்தான் இங்கிலாந்தில் காங்கிரீவ் ராக்கெட் உருவானது. அதே காங்கிரீவ் ராக்கெட் 1824ல் தொடங்கிய முதல் பர்மாப் போரில் ஐராவதிக் கரைக்கு வந்தது. கூடவே ‘டயானா’ என்ற நீராவிப் படகும் வந்தது. துடுப்பு போடும் ஆள் இல்லாமல், காற்றையும் எதிர்பார்க்காமல், புகையைக் கக்கிக்கொண்டு ஆற்றை எதிர்த்து ஏறும் ஒரு படகைக் கரையில் நின்று பார்த்தவர்களுக்கு அது எப்படி இருந்திருக்கும்! அந்த ராக்கெட் நம் ஊரிலிருந்து புறப்பட்டு நாம் வாழ வந்த ஊருக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

ஏன் 1885? ஏன் ஐராவதி?

கடையில் கிடைக்கும் விதிப்புத்தகங்கள் நம்மை லண்டன் மூடுபனிக்கோ செவ்வாய்க் கிரகத்துக்கோ கூட்டிப்போகும். முதல் ஒரு வருஷம் நாங்களும் அப்படித்தான் ஆடினோம். ஜன்னலைத் திறந்தால் ரங்கூன், மேசைமேல் தேம்ஸ். மனசு ஒட்டவில்லை. பான்சொடான் தெருப் பழைய புத்தகக் கடையில் மாமா ஒரு நாள் பர்மாப் போர்களைப் பற்றிய கிழிந்த புத்தகம் ஒன்றை எடுத்துவந்தார். அன்றோடு தேம்ஸ் போய்விட்டது.

மூன்றாம் பர்மாப் போர் இரண்டே வாரத்தில் முடிந்த போர். 1885 நவம்பர் 14ல் ஆங்கிலேயப் படை எல்லையைத் தாண்டியது. 17ல் மின்லாக் கோட்டை விழுந்தது. 28ல் மாண்டலேக்குள் நுழைந்தார்கள். மறுநாள் திபோ மன்னரையும் ராணி சுபயாலத்தையும் கப்பலில் ஏற்றிவிட்டார்கள். வந்தது 9,000க்கு மேற்பட்ட படைவீரர், 67 பீரங்கி, 24 எந்திரத் துப்பாக்கி. சுமந்து வந்தவை பெரும்பாலும் ஐராவதி ஃபுளோட்டிலா கம்பெனியின் நீராவிப் படகுகளும் தெப்பங்களும். ஒரு தேக்கு வியாபாரக் கம்பெனிக்கு அரசவை விதித்த அபராதம் சாக்கு. சண்டை என்று சொல்லத்தக்க சண்டை மின்லாவில்தான் நடந்தது.

நடந்ததை அப்படியே மேசையில் வைத்தால் அது ஆட்டமே இல்லை. வரும் படகும் விழும் கோட்டையும்தான். கற்பனைக்கு இடம் வேண்டுமென்றால் எங்கே கை வைப்பது என்று ரொம்ப நாள் யோசித்தோம். விடை திபோவின் தகப்பனார் மிண்டோன் மன்னரிடம் இருந்தது. மாண்டலேயைக் கட்டிய அந்த மனிதர் ஐரோப்பாவிலிருந்து நீராவிக் கப்பல் வாங்கினார். நாணயச்சாலை அமைத்து மயில் பொறித்த காசு அடித்தார். தந்திக்கம்பி இழுத்தார், பர்மிய எழுத்துக்கென்றே தந்திக் குறியீடு அமைந்தது. பிள்ளைகளைப் படிக்க ஐரோப்பாவுக்கு அனுப்பினார். 1878ல் இறந்துவிட்டார். நாங்கள் மாற்றுவது இந்த ஒன்றை மட்டும்: அந்தப் பட்டறைகள் நிற்கவில்லை, இன்னும் ஏழு வருஷம் ஓடின. மீதியெல்லாம் சரித்திரம் உள்ளபடியே. ஆறு அதே ஆறு, மாதம் அதே நவம்பர்.

கற்பனையை ஓரடி மட்டும் தள்ளி வைக்க வேண்டும் என்பது என் திடமான எண்ணம். ஓரடி தள்ளினால் “இது நடந்திருக்குமோ” என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும். பத்தடி தள்ளினால் வெறும் பொம்மை விளையாட்டு.

ராஜா பக்கம் என்னென்ன எந்திரங்கள்?

வானத்தில் தீபாலூன். தசவுந்தைங் பண்டிகைக்கு டவுஞ்சியில் காகித பாலூன்களைச் சூடான காற்றில் ஏற்றிவிடுவார்கள். அடியில் வாணக் கட்டுகளைத் தொங்கவிட்டு, மேலே போனதும் சீறி வெடிக்கும்படி கட்டியிருப்பார்கள். அதைப் பார்த்த எவருக்கும் ராஜாவின் வான்படை எப்படி இருக்கும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. தண்ணீரில், இரும்புத் தகடு போர்த்திய நீண்ட போர்ப்படகு, துடுப்புக்குப் பதில் நீராவி. நிலத்தில், தேக்குமரம் இழுக்கும் யானையைப் பார்த்துச் செய்த நாலுகால் எந்திரம். இது மெதுவாகத்தான் நடக்கும், ஆனால் சேற்றில் சிக்காது. சரித்திரத்தில் மின்லாவையும் எதிர்க்கரைக் கோட்டையையும் கட்டிக்கொடுத்தவர்கள் கொமோட்டோ, மொலினாரி என்ற இத்தாலிய எஞ்சினியர்கள். அவர்களை நாங்கள் பட்டறைத் தலைவர்களாக வைத்துக்கொண்டோம்.

பொம்மைகளும் தளவாடமும் எங்கே கிடைக்கும்?

வெளிநாட்டில் வார்த்த 28 மில்லிமீட்டர் உலோக வீரர்கள் அழகுதான். இங்கே தபாலில் வரவழைப்பது இன்றைய நிலையில் நடக்கிற காரியமில்லை. எழுபத்திரண்டில் ஒரு பங்கு அளவுள்ள பிளாஸ்டிக் வீரர்கள் மலிவு. ஆள் உயரம் சுமார் 24 மில்லிமீட்டர். ஊரிலிருந்து யாராவது வரும்போது இரண்டு பெட்டி கொண்டுவரச் சொல்வோம். அதுவும் இல்லையென்றால் கெட்டி அட்டையில் படம் அச்சடித்து, வெட்டி, அடியில் பழைய நாணயம் போலக் கனமான எதையாவது ஒட்டினால் போதும். எங்கள் முதல் படை முழுக்க அட்டைதான், ஆட்டம் ஒன்றும் குறைந்துவிடவில்லை.

எந்திரங்களைக் கையால் செய்வதுதான் சுகம். மேசையில் இப்போது நிற்கிற கும்பினிப் படகைச் சொல்கிறேன் (ஆங்கிலேயர் பக்கத்தைப் பழைய பழக்கத்தில் கும்பினி என்றே சொல்வோம்). உடல், காய்கறி வரும் தெர்மோகோல் பெட்டியின் மூடி. இரண்டு பக்கமும் ஐஸ்குச்சியை நீளவாட்டில் ஒட்டிப் பலகை வரி. கொதிகலன், பால்டப்பா. அரிசி அளக்க அத்தை வைத்திருந்த டப்பா விளிம்பு நசுங்கியதும் எங்களிடம் வந்தது. அதன் வயிற்றைச் சுற்றி அட்டைப் பட்டை ஒட்டி, பட்டைமேல் ஊசிமுனையால் வெள்ளைப் பசையைப் புள்ளி புள்ளியாக வைத்துக் காயவிட்டேன். காய்ந்தபின் கறுப்புப் பெயின்ட் அடித்து, கிட்டத்தட்டக் காய்ந்த தூரிகையில் கொஞ்சம் வெள்ளிநிறம் தொட்டு உரசினால், ஒவ்வொரு புள்ளியும் ஒரு ரிவெட் ஆணி. மொத்தம் 140 புள்ளி. புகைக்குழாய் பழைய பால்பாயின்ட் பேனா, புகை தலையணைப் பஞ்சு. பக்கச் சக்கரம் இரண்டும் நூல்கண்டு.

ராஜாவின் பாலூனுக்குப் பெயின்ட் செலவே இல்லை. காகிதக்கூழில் செய்து சிவப்பும் பொன்னும் தீட்டி விற்கிறார்களே, தள்ளினாலும் எழுந்து நிற்கும் ‘பிட்டைங்தவுங்’ பொம்மை, அதைத் தலைகீழாக்கி நூலில் கூடை கட்டினோம். அத்தனை பொருத்தம்.

கோடையிலேயே வார்னிஷ் வேலையை முடித்துவிடுங்கள். ஒரு ஜூலை மாதம் மழை விட்ட நேரம் பார்த்து இருபது சிப்பாய்களுக்கு ஸ்பிரே வார்னிஷ் அடித்தேன். காற்றில் இருந்த ஈரத்தில் எல்லார் முகத்திலும் வெள்ளையாகப் பூத்துவிட்டது. மூன்று வாரத்து வேலை. பளபளப்பு வார்னிஷைத் தூரிகையால் ஒரு தடவை பூசியதில் பாதிப் பேர் தெளிந்தார்கள். மீதிப் பேருக்கு மறுபடி முகம் எழுதினேன்.

எத்தனை பேர், எவ்வளவு இடம், எவ்வளவு நேரம்?

இரண்டு பேர் போதும், நாலு பேர் நல்லது. மேசை நாலடிக்கு ஆறடி. சாப்பாட்டு மேசைமேல் ஒரு பிளைவுட் பலகை போட்டுக்கொள்ளலாம். பக்கத்துக்கு இருபது பொம்மையும் ஓர் எந்திரமும் என்றால் மூன்று மணி நேரம். கரண்ட் போவதும் வருவதும் நம் கையில் இல்லை, அதனால் ஜன்னல் ஓரமாக மேசையைப் போட்டுப் பகலிலேயே முடித்துவிடுவது எங்கள் வழக்கம்.

விதிகள் எங்கிருந்து?

நல்ல விதிப்புத்தகங்கள் நிறைய உண்டு. ஃபிராங்க் சாட்விக் 1988ல் எழுதிய ‘ஸ்பேஸ்: 1889’ இந்த வகைக்குப் பெரிய வாசலைத் திறந்துவிட்டது. அது ஆள்நடிப்பு ஆட்டம், ஒவ்வொருவரும் ஒரு பாத்திரமாகி ஆடுவது. கூடவே செவ்வாயின் வான்கப்பல் போருக்குத் தனிப் பெட்டியும் வந்தது. 2013ல் வந்த ‘இன் ஹெர் மெஜஸ்டிஸ் நேம்’ பத்துப் பன்னிரண்டு பொம்மை மட்டும் வைத்திருப்பவர்களுக்கு ஏற்றது. லாரி பிரோம் 1979ல் எழுதிய ‘தி ஸ்வோர்ட் அண்ட் தி ஃபிளேம்’ அறிவியல் புனைகதை இல்லை, காலனியப் போர்களுக்கானது. ஆனால் யார் எப்போது நகர்வது என்பதைச் சீட்டுக்கட்டு தீர்மானிக்கும் அதன் முறை எங்களுக்கு ரொம்பப் பிடித்தது. சிவப்புச் சீட்டு வந்தால் ராஜா பக்கம் ஒரு குழு நகரும், கறுப்பு வந்தால் கும்பினி பக்கம். அடுத்து எந்த நிறம் வரும் என்று யாருக்கும் தெரியாது. ஒருவர் பத்து நிமிஷம் ஆட, மற்றவர் கொட்டாவி விடுவது என்பதே இதில் கிடையாது.

அந்த முறையை எடுத்துக்கொண்டு மீதியை நாங்களே எழுதினோம். இப்போது தமிழில் ஒரு தாள், பர்மிய மொழியில் ஒரு தாள். இரண்டு பக்கத்துக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்கிறோம்.

நீராவி எந்திரம் எப்படி வேலை செய்கிறது?

எங்கள் விதிகளில் எனக்கு மிகப் பிடித்தது இது. அழுத்தத்துக்குப் புளியங்கொட்டை. படகின் பால்டப்பாவுக்குள்ளேயே போடுவோம்.

உங்கள் முறை வந்ததும் ஒன்று முதல் மூன்று கொட்டை வரை போடலாம். அது கரி அள்ளிப்போடுவது. பிறகு இரண்டு ஆறுமுகப் பகடையை உருட்ட வேண்டும். கூட்டுத்தொகை கொட்டைகளின் எண்ணிக்கையைவிட அதிகமாக இருந்தால் கொதிகலன் தாங்குகிறது. சமமாகவோ குறைவாகவோ வந்தால் வால்வு பிய்த்துக்கொள்ளும். கொட்டையெல்லாம் வெளியே, படகு ஆற்றோட்டத்தில் நாலு அங்குலம் பின்னால் போகும். தாங்கினால் ஒரு கொட்டைக்கு மூன்று அங்குலம் நகரலாம். நகராமல் சேர்த்தும் வைக்கலாம்.

மூன்று கொட்டை இருந்தால் வெடிக்கிற வாய்ப்பு 36ல் 3. ஐந்து என்றால் 36ல் 10. ஏழு என்றால் 36ல் 21. கணக்கு தெரியாத பிள்ளைக்கும் இரண்டு ஆட்டத்தில் இது விரலில் ஏறிவிடும்.

போன மாதம் நடந்தது. சித்தப்பா மகனின் படகு மின்லா வளைவுக்குக் கீழே நின்றது. கோட்டைப் பீரங்கி எட்டாத இடத்துக்குப் போக 18 அங்குலம் வேண்டும், அதாவது ஆறு கொட்டை. டப்பாவில் மூன்று இருந்தது. போட்டால் மூன்றும் போட வேண்டும். எதிரே உட்கார்ந்திருந்த பர்மிய நண்பர் எழுந்து நின்றுவிட்டார். ஒன்று, இரண்டு, மூன்று என்று கொட்டை டப்பாவில் விழும் சத்தம் மாடி முழுக்கக் கேட்டது. பகடை உருண்டு ஒன்று நாலில் நின்றது. மற்றது மேசை விளிம்பில் சுழன்று இரண்டில் விழுந்தது. ஆறு. சமம். வால்வு போச்சு. படகு பின்னால் வந்து பீரங்கி வாயிலேயே நின்றது. அந்த ஞாயிறைப் பற்றி இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம்.

ஒரு பக்கம் வலு கூடுதலாக இருந்தால் ஆட்டம் நியாயமா?

ஆடு புலி ஆட்டம் ஆடியிருக்கிறீர்களா? புலி மூன்று, ஆடு பதினைந்து. புலி வெட்டும், ஆட்டால் வெட்ட முடியாது. ஆனாலும் ஆடு ஜெயிக்கும், ஏனென்றால் அதன் வேலை வெட்டுவது இல்லை, புலியை நகரவிடாமல் அடைப்பது. நம் பாட்டிகள் கோயில் திண்ணையில் கோடு கிழித்து ஆடியது இதுதான். சமமில்லாத இரண்டு பக்கத்துக்குச் சமமான ஆட்டம் அமைக்க இதைவிட நல்ல பாடம் கிடையாது. பலத்தைச் சமப்படுத்தாதீர்கள், நோக்கத்தை வேறுபடுத்துங்கள்.

நோக்கத்துக்குப் பெயர் வைக்க எங்களுக்குப் புறத்திணை கைகொடுத்தது. கண்டோன்மென்ட்டிலிருந்து தேக்கு யானைகளைக் கவர்ந்துபோவது வெட்சி ஆட்டம், மீட்பவர் கரந்தை. ஆற்றைத் தாண்டிப் படையெடுத்து வருவது வஞ்சி. கோட்டையை வளைப்பவர் உழிஞை, காப்பவர் நொச்சி. இரண்டு பக்கமும் நேருக்கு நேர் மோதுவது தும்பை. அதை வருஷத்துக்கு ஒரு தடவை, பொங்கலை ஒட்டி வைக்கிறோம். நொச்சி ஆடுகிறவர் எட்டுச் சுற்று தாக்குப்பிடித்தாலே வாகை, ஒரு ஆள் மிஞ்சினாலும் போதும். கரேன் நண்பர் தமிழ் படித்ததில்லை. ஆனால் உள்ளே வரும்போதே “இன்னைக்கு நொச்சியா உழிஞையா?” என்று கேட்கிறார்.

மின்லாவுக்கே வருகிறேன். கோட்டைப் பீரங்கிகள் ஆற்றைப் பார்த்து இருந்தன. ஆங்கிலேயர் கீழே கரையிறங்கி, காட்டுவழியாகச் சுற்றி, பின்பக்கமாக வந்தார்கள். எங்கள் ஆட்டத்தில் அந்த வழி திறந்தேதான் இருக்கிறது. ராஜா பக்கம் ஆடுகிறவருக்கும் அது தெரியும். இருக்கிற ஆட்களில் எத்தனை பேரைக் காட்டுக்கு அனுப்புவது, எத்தனை பேரை ஆற்றோரம் நிறுத்துவது என்ற ஒற்றைக் கேள்வியில் ஆட்டம் பாதி முடிந்துவிடும்.

சென்னைச் சிப்பாய்களை யார் ஆடுவது?

இந்தப் பக்கத்தை எழுத உட்கார்ந்ததே இந்தக் கேள்விக்காகத்தான்.

1824, 1852, 1885 என்று மூன்று பர்மாப் போரிலும் சென்னைப் படை இருந்தது. தமிழும் தெலுங்கும் பேசிய சிப்பாய்கள், பாலம் போடவும் பாதை வெட்டவும் வந்த மதராஸ் சாப்பர்கள். நம் ஆட்கள் இங்கே வந்து இறங்கியது வட்டிக்கடைக்கும் நெல் அறுப்புக்கும் மட்டும் இல்லை. துப்பாக்கியோடும் வந்தோம், இன்னொருவர் கொடிக்குக் கீழே. என் பர்மிய நண்பரின் ஊர் அந்த ஆற்றங்கரையில் இருக்கிறது. அவர் எதிரே உட்கார்ந்து அந்தப் பொம்மையை நான் எப்படி நகர்த்துவது?

கடைப் புத்தகங்களில் ‘உள்ளூர்க் காலாட்படை’ என்று ஒரு வரி வரும். வெள்ளை அதிகாரி சொன்னதைச் செய்யும், கொஞ்சம் சீக்கிரம் ஓடும், அவ்வளவுதான். அதை எங்களால் ஏற்க முடியவில்லை. 1806ல் வேலூர்க் கோட்டையில் எழுந்தவர்கள் சென்னைச் சிப்பாய்கள். 1824ல் பர்மாவுக்குப் போக மறுத்ததற்காகப் பராக்பூரில் வங்காளச் சிப்பாய்களைச் சுட்டார்கள். கூலிக்கு வந்தவனுக்கும் மனசு உண்டு என்பதற்குச் சரித்திரமே சாட்சி.

அதனால் சிப்பாய்களை மூன்றாவது பக்கமாக்கினோம். அவர்களை ஆடுகிறவர் சுபேதார். கும்பினிக்காரர் கட்டளையிடலாம், பொம்மையைத் தொடக்கூடாது. ஆட்டம் தொடங்கும்போது சுபேதார் மூடிய உறையில் ஒரு சீட்டு எடுப்பார். மூன்று வகை. ஒன்று, உப்பு: உண்ட உப்புக்குத் துரோகம் இல்லை, கொடியைக் கோட்டையில் ஏற்று. இரண்டு, ஊர்: இருபது பேரில் பதினைந்து பேரை உயிரோடு படகில் ஏற்று, ஊரில் அவர்களுக்காகக் காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். மூன்று, கரை: ஆற்றங்கரைக் கிராமத்துக்கு ஒரு சேதமும் வராமல் சண்டையை வேறு பக்கம் இழு. என்ன சீட்டு என்று கடைசிவரை சொல்லத் தேவையில்லை. கட்டளையை மறுத்தால் பகடை உருட்ட வேண்டும். தப்பு விழுந்தால் அடுத்த சுற்று முழுக்க வெள்ளை அதிகாரி பக்கத்தில் வந்து நிற்பார், அப்போது மறுக்க முடியாது.

முதல் தடவை சுபேதாராக உட்கார்ந்தவர் மாமா. வயது எழுபதுக்கு மேல். வாசலை நோக்கிப் பாயச் சொல்லிக் கட்டளை வந்தது. மாமா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். குனிந்து பொம்மைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு ஐந்து ஐந்து பேராகப் புளியந்தோப்புக்குப் பின்னால் நகர்த்தி வைத்துவிட்டு, “என் பையன்கள் வாசலுக்குப் போக மாட்டாங்கப்பா” என்றார். பகடையையும் உருட்டினார், தப்பித்தார். கும்பினி அன்று தோற்றது. மாமாவின் சீட்டைத் திறந்தால், ஊர். எதிரே இருந்த பர்மிய நண்பர் எழுந்து வந்து அவருக்கு டீ ஊற்றிக் கொடுத்தார்.

பர்மிய நண்பர்கள் இதில் எதையாவது மாற்றச் சொன்னார்களா?

ஒன்றே ஒன்று. மேசையில் நான் அழகாக ஒரு பகோடா செய்து வைத்திருந்தேன், எங்கள் பேச்சில் சொன்னால் பயா. உயரமான இடம், துப்பாக்கிக்காரரை நிறுத்த வசதி. நண்பர் தயங்கித் தயங்கி, “அக்கோ (அண்ணா), இது வேண்டாமே” என்றார். ரங்கூனின் பெரிய பயாவான ஷ்வேடகோனை ஆங்கிலப் படை 1852லிருந்து 1929 வரை பிடித்து வைத்திருந்ததை அப்போதுதான் சொன்னார். செருப்போடு ஏறக்கூடாத இடத்தில் பூட்ஸும் பீரங்கியும் எழுபது வருஷத்துக்கு மேல் இருந்திருக்கிறது. அன்று முதல் பயாவின் சுற்றுச்சுவருக்குள் எந்தப் பக்கத்துப் பொம்மையும் நுழையாது, அதன்மேல் குண்டும் போகாது.

உண்மையான போர் நடக்கும் நாட்டில் போர் விளையாட்டு எதற்கு?

கேட்க வேண்டிய கேள்விதான். நாங்களும் கேட்டுக்கொண்டோம். 2021ல் ராணுவம் ஆட்சியைப் பிடித்த பிறகு ஏழெட்டு மாதம் மேசையைப் போடவே இல்லை. எங்களோடு ஆடிய ஆறாவது ஆள், எல்லாரிலும் இளையவன், இப்போது இந்த நாட்டில் இல்லை. அவன் தீட்டிய பாலூன்காரர்கள் பெட்டியில் இருக்கிறார்கள்.

திரும்பத் தொடங்கும்போது எல்லையை எழுதிவைத்துக்கொண்டோம். இன்றைய சண்டை எதுவும் மேசைக்கு வராது. ஜப்பான் காலமும் வராது. 1942ல் லட்சக்கணக்கான நம் ஆட்கள் இங்கிருந்து காட்டுவழியாக நடந்தார்களே, மாமாவின் பெற்றோரும் அதில் நடந்தவர்கள், போய்ச் சேராமல் வழியில் நின்றுபோன ஒரு பிள்ளையின் பெயரை அவர் வீட்டில் இன்றும் சொல்வதுண்டு. 1886லிருந்து கிளர்ச்சியை அடக்குகிறோம் என்று கிராமங்களைக் கொளுத்தினார்கள். அதையும் ஆடுவதில்லை. கிராமத்து ஜனங்கள் மேசையில் இருந்தால் அவர்கள் இலக்கு அல்ல, காப்பாற்ற வேண்டியவர்கள்.

அப்படியானால் மிச்சம் என்ன என்று கேட்டால், பறக்கும் பாலூனும் புளியங்கொட்டைக் கொதிகலனும் நடக்காத ஒரு நவம்பரும்தான். ஐந்து பேர், மூன்று மதம், நாலு மொழி, ஒரே மேசையைச் சுற்றி மூன்று மணி நேரம் பேசிக்கொண்டிருக்கிறோம். இந்த ஊரில் இப்போது அதற்கு வேறு இடம் எனக்குத் தெரியவில்லை. ‘லிட்டில் வார்ஸ்’ எழுதிய வெல்ஸும் நிஜப் போரை வெறுத்தவர்தான். அந்தப் புத்தகத்தின் கடைசியிலேயே அதைச் சொல்லியிருக்கிறார். மறு வருஷம் உலகப்போர் வந்துவிட்டது.

பிள்ளைகள் ஆடலாமா?

பத்து வயதிலிருந்து தாராளமாக. அதற்குக் கீழே என்றால் புளியங்கொட்டைப் பொறுப்பைக் கொடுங்கள். கத்தி, பசை, ஸ்பிரே மூன்றும் பெரியவர் கையில் இருக்கட்டும். அத்தையின் பேத்தி பெண் சுபேதார் வேண்டும் என்றாள். இது புனைகதை, இருக்கட்டுமே என்று ஒருத்தியைத் தீட்டினோம்.

விதியில் தகராறு வந்தால்?

ஒருவர் ஆடாமல் நடுவராக இருப்பது நல்லது. இல்லையென்றால், ஒரு நிமிஷம் தாளைப் பார்ப்போம், கிடைக்காவிட்டால் இரண்டு பேரும் பகடை உருட்டி அதிகம் விழுந்தவர் சொன்னபடி ஆட்டம் போகும். சரியான விடையை ஆட்டம் முடிந்து டீக்கடையில் பேசி, தாளில் எழுதிக்கொள்வோம். நடு ஆட்டத்தில் விதியைத் திருத்துவதில்லை. அளப்பதில் அரை அங்குலம் குறைந்தால் எதிராளிக்கு விட்டுக்கொடுத்துவிடுங்கள். அரை அங்குலத்துக்காக முகம் வாடுகிறவரோடு அடுத்த ஞாயிறு ஆட முடியாது.

நாளைக்கே தொடங்க என்ன வேண்டும்?

அட்டை வீரர் பக்கத்துக்குப் பத்துப் பேர். ஒரு பால்டப்பா, ஒரு கைப்பிடி புளியங்கொட்டை, ஒரு சீட்டுக்கட்டு, ஆறுமுகப் பகடை நாலு, தையல்காரர் டேப் ஒன்று. ஆற்றுக்கு நீலத் துணி, பழைய லுங்கியும் ஆகும். கோட்டைக்கு நாலு பிஸ்கட் பெட்டி. முதல் ஆட்டத்துக்கு வெட்சி வைத்துக்கொள்ளுங்கள்: மேசை நடுவில் இரண்டு யானை, எட்டுச் சுற்றுக்குள் யார் தங்கள் பக்கம் ஓட்டிப்போகிறார்களோ அவருக்கு வாகை.

ஆடி முடித்ததும் எப்படிப் பத்திரப்படுத்துவது?

தகர பிஸ்கட் டின், அடியில் துணி, மூலையில் துணிமுடிச்சில் ஒரு பிடி அரிசி. மழைக்காலத்தில் பதினைந்து நாளுக்கு ஒருமுறை அரிசியை மாற்றுங்கள், இல்லாவிட்டால் காகிதக்கூழ் பூஞ்சை பிடிக்கும். புளியங்கொட்டையைத் தனி டப்பாவில் வையுங்கள், வண்டு வரும்.